நான்காவது வாரம் வரை

தெமுக்கோவில் மழை
விறகுப் புகையோடு சேர்ந்துதான் இறங்கும்.
பிந்தோ சந்தையில்
கடற்பாசிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த
ஒர்தென்சியா கூரிகெயோ
தராசைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்தாள்.
மேல்வயிற்றில் புகுந்தது
முதுகைத் துளைத்து வெளியேறப் பார்த்தது.
நேற்றுப் பொரித்த ரொட்டி என்றாள் பக்கத்துக் கடைக்காரி.
பித்தம் என்றான் கணவன் பெலிசாரியோ.
அவன் சொன்னதில் பாதி சரி.

மிளகளவு கல்.
பித்தப்பையில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது
அன்றைக்கென்று கிளம்பி
இரண்டு குழாய்கள் கூடும் வாசலில்
சிக்கிக்கொண்டது.

கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரத்துக்கும்
தமிழில் கணையம் என்றுதான் பேர்.
வெளியிலிருந்து யாரும் முட்டவில்லை.
மரம் உள்ளேயே பற்றிக்கொண்டது.
சோறாக்க வைத்த நெருப்பு
அடுப்பைத் தின்றது.
கொழுப்பு சுண்ணாம்போடு கூடி
சவர்க்காரமாய்த் திரிந்தது,
துவைக்க ஒரு துணியும் இல்லாத இடத்தில்.

மூன்றாம் நாள் நுரையீரல் நனைந்தது.
மூத்திரப் பை வெறுமனே தொங்கியது.
இடது விலாவுக்குக் கீழே
மாக்கிப் பழத்தைக் கசக்கித் தேய்த்தாற்போல் ஒரு நீலம்.

"வெட்டி எடுங்களேன், எதற்குக் காத்திருக்கிறீர்கள்?"
பெலிசாரியோவின் தொப்பியிலிருந்து
தரையில் சொட்டியது மழை.
"இப்போது திறந்தால்
செத்தது எது, சாகாதது எது என்று
என் கைக்குத் தெரியாது" என்றார்
டாக்டர் ஐதே ஸ்டௌப்.

பதினோராம் கட்டில் பற்றி அவனிடம் சொல்லவில்லை.
லாரி ஓட்டுநர், குடித்துக் குடித்து வந்த அழற்சி.
ஒன்பதாம் நாளே கத்தி வைத்தார், இளமை.
நனைந்த ரொட்டிபோல் கையோடு வந்தது எல்லாம்.
பிறகு ரத்தம்,
துணிமேல் துணி வைத்தும்.
அவனுடைய ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது,
இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே காத்திருந்தார்கள்.
மூக்கு வழியே இறங்கிய குழாயில்
இரைப்பையைத் தாண்டிப் போனது கஞ்சி.
செவிலி மாகாலி பகலும் இரவும் அளவு எழுதினாள்:
உள்ளே போனது, வெளியே வந்தது.
மூன்றாம் வாரம் காய்ச்சல்.
ஸ்கேனின் சாம்பல் நிறத்தில்
சின்னச்சின்னக் கறுப்புக் குமிழிகள்,
சோடாவைத் திறந்தாற்போல்.
செத்த சதையில் கிருமி குடியேறிவிட்டது.

விலாப் பக்கம் ஒரு குழாய் சொருகினார்கள்.
சீழ் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல் தணிந்தது.
பெலிசாரியோ ஒரு கோழி கொண்டுவந்தான் மருத்துவருக்கு, உயிரோடு.
காவலாளி உள்ளே விடவில்லை.
மறுபடியும் காய்ச்சல்.

முப்பதாம் நாள்
உடம்பு தானாகவே ஒரு சுவர் கட்டியிருந்தது
கெட்டதைச் சுற்றி.
அந்தக் குழாய் போன தடத்திலேயே
நான்கு விரல் அகலம் கீறினார்.
வயிற்றைத் திறக்கவில்லை.
பின்பக்க வழி, ஒரு கேமரா, ஒரு கவ்வி.
வருவதை எடு.
வராததை இழுக்காதே.
கறுப்பும் சாம்பலுமாய் நீள நீளத் துண்டுகள்
தட்டில் விழுந்தன.
அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கடற்கரை ஊர்க்காரர்கள்.
அது எதைப்போல் இருக்கிறது என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பிறகும் முடிந்துவிடவில்லை.
உப்புநீர் விட்டுக் கழுவினார்கள், நாள்கணக்காய்.
சர்க்கரை ஏறியது, ஊசி நிரந்தரமானது.
கோடை தொடங்கியபின் ஒருநாள்
நான்கு சிறு துளை போட்டு
பித்தப்பையையும் எடுத்தார்கள்.
அதில் பதினேழு கற்கள்,
புறப்பட நேரம் பார்த்துக்கொண்டு.

ஒரு கல்லை மட்டும் குப்பியில் கேட்டு வாங்கினாள் ஒர்தென்சியா.
சந்தைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை
தராசுத் தட்டில் போட்டுப் பார்த்தாள்.
முள் அசையவில்லை.
தட்டிப் பார்த்தாள்.
அசையவேயில்லை.
கட்டு என்ன விலை என்று கேட்டு
ஒருத்தி நின்றிருந்தாள்.